வசந்தா பேரைப் போட்டுக்குங்க

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடுவில் எங்காவது என் குரல் உயர்ந்தால், எழுத்தாளர் நிதானம் இழந்துவிட்டார் என்று நீங்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்காது. நிதானம் ஆரம்பத்திலேயே இல்லை.

வில்லியனூர் கடைத்தெருவில் எனக்கு ஓர் உரக்கடை இருக்கிறது. ஆள் வராத நேரத்தில் கதை எழுதுவேன். மாசி மாதம் ஒரு மத்தியானம் வசந்தா கடைக்கு வந்தாள். ஒதியம்பட்டில் எங்கள் தெருவில் பிறந்தவள், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் ஒரு கிராமத்துக்கு வாக்கப்பட்டுப் போனவள். ஸ்டூலில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். திரையில் ஏகப்பட்ட சின்னச் சின்னப் புள்ளிகள். எல்லாவற்றிலிருந்தும் கோடுகள் கிளம்பி நடுவில் ஒரே இடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தன.

"நடுவுல செவப்பா ஒண்ணு இருக்குது பாருண்ணே, பெருசா. அது நான்தான்."

"இன்னாம்மா இது?"

"ஊசி போடாதீங்கன்னு ஊரெல்லாம் வதந்தி கெளப்புனது நான்தானாம். கம்ப்யூட்டர் கண்டுபுடிச்சிருக்குது. வேலைய வுட்டு நிறுத்திட்டாங்க."

இதைச் சொல்லும்போது அவள் அழுதாள் என்று எழுதினால் உங்களுக்கு வசதியாக இருக்கும். அவள் அழவில்லை. என் கல்லாப்பெட்டியை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். அந்தத் தட்டில் இருந்துதான் இந்தக் கதை வருகிறது.

2

கதையை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று முறை தொடங்கினேன். மூன்றையும் இங்கே வைக்கிறேன். என் கஷ்டம் உங்களுக்கும் தெரியட்டும்.

முதல் தொடக்கம்: "பாகூர் ஏரி நிரம்பித் ததும்பிக்கொண்டிருந்த அந்தக் காலைப்பொழுதில், கொக்குகள் —" (நிறுத்திவிட்டேன். வேலை போன பெண்ணுக்கும் கொக்குக்கும் என்ன சம்பந்தம்?)

இரண்டாம் தொடக்கம்: "வலையமைப்பு என்பது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்டது. மனிதரைப் புள்ளியாகவும் மனிதருக்கு இடையே உள்ள உறவைக் கோடாகவும் —" (இது பாடப்புத்தகம். அடுத்த வரியில் நீங்கள் கொட்டாவி விட்டிருப்பீர்கள்.)

மூன்றாம் தொடக்கத்தில் புள்ளி, கோடு என்றதும் வாசலில் போடும் கோலத்தைக் கொண்டுவந்தேன். வெட்கமாக இருந்தது, கிழித்துப் போட்டேன்.

ஆகவே தொடக்கம் இல்லாமலேயே நடந்ததைச் சொல்கிறேன்.

3

ஒரு தொண்டு நிறுவனம். பெயர் வேண்டாம். பெயர் போட்டால் அவர்கள் வழக்கறிஞருக்கு வேலை வரும், எனக்குச் செலவு வரும். பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்க ஓர் ஊசி இருக்கிறதல்லவா, அதைக் கிராமங்களில் இலவசமாகப் போட வந்தார்கள். நல்ல காரியம். இதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

வசந்தாவை அந்த ஊருக்குக் களப்பணியாளராகப் போட்டார்கள். கழுத்தில் ஓர் அட்டை, மாதச் சம்பளம். அவள் முதல் காரியமாகத் தன் சொந்த மகளுக்கு ஊசி போட்டாள். பிறகு வீடு வீடாகப் போய், "என் பொண்ணுக்குப் போட்டேன், இன்னா ஆயிப்போச்சி? உன் பொண்ணையும் கூட்டிகினு வா" என்று கேட்டாள். மகளையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அப்படியும் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் பிள்ளைகளை அனுப்பவில்லை. கேட்டால், சரி பாக்கலாம், அடுத்த தடவ பாக்கலாம் என்றார்கள்.

ஏன் வரவில்லை? நிறுவனத்தின் திட்ட அலுவலர் தமிழ்ச்செல்வனுக்கு இந்தக் கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். ஊரில் யாரோ வதந்தி பரப்புகிறார்கள், அது யார் என்று அறிவியல் முறைப்படி கண்டுபிடிப்போம் என்று முடிவெடுத்தார். ஊரில் வயது வந்தவர்கள் எல்லாரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்பது என்று திட்டம்: "ஊசி போடுவதா வேண்டாமா என்று முடிவு எடுக்கும் முன் யாரிடம் கேட்டீர்கள்?" ஒருவர் யார் பெயரைச் சொல்கிறாரோ, சொன்னவரிடமிருந்து அந்தப் பெயருக்கு ஒரு கோடு. கோடுகள் அதிகமாகப் போய்ச் சேரும் ஆள் யாரோ, அவர்தான் ஊரின் மூளை.

கணக்கெடுக்க மணிபாரதி என்ற ஆள் கையில் டேப்லெட் கணினியோடு வந்தார். வெளியூர்க்காரர். ஊரில் யார் வீடு எங்கே என்று தெரியாது. வழி காட்ட, கூடவே வீடு வீடாக அழைத்துப் போக ஓர் ஆள் வேண்டும்.

யாரை அனுப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

4

புவனேஸ்வரி வீட்டு வாசலில் நடந்ததை இப்போது எழுத வேண்டும். நான் அங்கே இல்லை. வசந்தா சொன்னதையும் புவனேஸ்வரி சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். இரண்டு பேரும் சொன்னது பெரும்பாலும் ஒத்துப்போகிறது. புவனேஸ்வரிக்கு வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும், பன்னிரண்டு வயதில் ஒரு மகள். புருஷன் குமரவேல் கரும்பு போட்டிருக்கிறார், என் கடையில்தான் உரம் எடுப்பார். ஆக, புவனேஸ்வரி சொல்ல வேண்டிய பெயர் எனக்குத் தெரியும், வசந்தாவுக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும்.

மணிபாரதி கேள்வியைப் படித்தார்.

"யார கேட்டன்னா? அவரத்தான் கேட்டேன்" என்றாள் புவனேஸ்வரி.

"அவருன்னா யாரும்மா?"

"அவருதான். எங்க வூட்டுல."

"பேரு சொல்லுங்கம்மா."

புவனேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உள்ளே மாமியார் இருந்தார். "பாப்பாவோட அப்பாங்க."

"பேர் இல்லாம ஆப்ல அடுத்த பக்கம் போவாதும்மா. நானா ஒரு பேர எடுத்துக் குடுக்கவும் கூடாது. ட்ரெய்னிங்ல சொல்லியிருக்காங்க. நீங்களே உங்க வாயால சொல்லணும்."

(இந்த விதி நல்ல விதி. கணக்கெடுப்பவர் தன் இஷ்டத்துக்கு யார் பெயரையும் எடுத்துக் கொடுக்காமல் இருப்பதற்காகப் போட்டது. நல்ல விதி ஒன்று எப்படி ஒரு பெண்ணின் சோற்றில் மண்ணைப் போடும் என்பதைப் பாருங்கள்.)

"என் வாயால எப்படிங்க சொல்றது?" என்றாள் புவனேஸ்வரி. சிரிப்பு போய்விட்டது. மணிபாரதி டேப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரையில் சிவப்பு எழுத்தில் 'பெயர் தேவை' என்று வந்துகொண்டே இருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் அந்தத் தெருவே முடியவில்லை.

அப்போது வசந்தா சொன்னாள். ஆமாம், அவளேதான் சொன்னாள். அவள் செய்த தப்பு என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

"அட இன்னா சார் இதுக்குப்போயி. அவளும் எங்கிட்ட கேட்டாதான ஊசியப் பத்தி? வசந்தா பேரைப் போட்டுக்குங்க. அடுத்த வூட்டுக்குப் போவலாம்."

புவனேஸ்வரிக்கு உயிர் வந்தது. "ஆமாங்க, வசந்தா பேரைப் போட்டுக்குங்க" என்று தன் வாயாலேயே சொன்னாள். விதிப்படி எல்லாம் சரி. ஆப் பச்சை காட்டியது.

அடுத்த வீட்டில் வசந்தா வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்தம்மா பெயர் சொல்ல முடியாமல் கொஞ்சம் நெளிந்தார், நிமிர்ந்து பார்த்தார், எதிரில் வசந்தா நிற்கிறாள், அவள் பெயரைச் சொல்லிவிட்டார். அதற்கடுத்த வீட்டிலும் அதுவேதான்.

5

இந்த இடத்தில் நகரத்து வாசகர் ஒருவர் குறுக்கே வருவார் என்று தெரியும். "இந்தக் காலத்திலுமா புருஷன் பேரைச் சொல்லாமல் இருக்கிறார்கள்?"

இருக்கிறார்கள் ஐயா. எல்லாரும் இல்லை. அந்த ஊரிலேயே நாலைந்து பெண்கள் பளிச்சென்று பெயர் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் ஸ்கூட்டி ஓட்டுவார்கள், போனில் பணம் அனுப்புவார்கள், வங்கியில் மேனேஜரோடு சண்டை போடுவார்கள். ஆனால் போனில் புருஷன் எண்ணை 'மாமா' என்றோ 'பாப்பா அப்பா' என்றோதான் பதிந்து வைத்திருப்பார்கள். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டால் ரேஷன் கார்டை எடுத்து நீட்டுவார்கள். ஒரு தரம் என் கடையில் ஒரு பெண், புருஷன் பேரில் பில் போட வேண்டும் என்று வந்து, பெயரைச் சொல்லாமல் பக்கத்தில் இருந்த அவள் ஊர்க்காரர் கலைவேந்தனைப் பார்த்து, "நீ சொல்லுண்ணே" என்றாள். எங்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை, பழகிய ஏற்பாடு. எப்போதும் பக்கத்தில் யாராவது இருப்பார்கள், எடுத்துக் கொடுப்பார்கள்.

யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று ஓர் இயந்திரம் வந்து உட்காரும் வரைக்கும் இதில் ஒரு கெடுதலும் இல்லை.

* அடிக்குறிப்பு போல ஒன்று: கெடுதலே இல்லை என்று மேலே எழுதியதை என் மனைவி படித்துவிட்டு, "உங்களுக்கு இல்லை" என்றாள். அதை இங்கே சேர்க்கிறேன். அவள் என் பெயரைச் சொல்வதில்லை.

6

அடுத்து சிந்து. என் அண்ணன் மகள். பாண்டிச்சேரியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக் கொடுக்கிறாள். வசந்தாவின் போனில் பார்த்த அந்தப் படத்தை நிறுவனத்துக்காக வரைந்தது சிந்துதான் என்று தெரிந்தபோது, கதைக்கு வில்லி கிடைத்துவிட்டாள் என்று நினைத்தேன். "இரக்கமற்ற கண்களோடு கணினித் திரையை —" என்று ஒரு வாக்கியம்கூட எழுதினேன். அவள் கண்கள் அப்படி இல்லை. மாட்டுக்கு அடிபட்டாலும் அழுகிற பிள்ளை. வில்லியாக நிற்க மாட்டேன் என்கிறாள், நான் என்ன செய்ய?

கத்தினேன். அவள் பொறுமையாக விளக்கினாள்.

"சித்தப்பா, ஒருத்தருக்கு நெறைய கோடு வருதுன்னா உடனே அவங்கதான் முக்கியம்னு நாங்க சொல்லிட மாட்டோம். எதேச்சையாக்கூட வரலாம் இல்லியா? அதனால ஒரு சோதனை செய்வோம். எத்தன கோடு இருக்குதோ அத அப்படியே வச்சிகிட்டு, யார்லேர்ந்து யாருக்குன்னு மட்டும் சீட்டுக்கட்டு மாதிரி கலைச்சிப் போடுவோம். கம்ப்யூட்டர் ஆயிரம் தடவ கலைச்சிப் போடும். அந்த ஆயிரம் படத்துல ஒண்ணுலகூட இவ்ளோ பெரிய புள்ளி வரல. அப்படின்னா இது தற்செயல் இல்ல."

"தற்செயல் இல்லதான்டி!" என்று கத்தினேன். கடையில் யூரியா வாங்க வந்தவர் திரும்பிப் பார்த்தார். "தற்செயலா எப்படி இருக்கும்? கேள்வி கேக்குறப்ப அவ வாசல்லயே நின்னா! ஒவ்வொரு வாசல்லயும் நின்னா! நீ ஆயிரம் தடவ இல்ல, லட்சம் தடவ கலைச்சிப் போட்டாலும் அது தெரியாதுடி!"

"வசந்தாக்கா கூட நின்னது எனக்குத் தெரியாது சித்தப்பா. எனக்கு வந்தது ரெண்டு வரிசை எண்ணு. இந்தப் பக்கம் சொன்னவங்க நம்பர், அந்தப் பக்கம் யாரைச் சொன்னாங்களோ அவங்க நம்பர். பேருகூட வரல."

"அவ ஊசி போடச் சொன்னாளா, போடாதன்னு சொன்னாளா, அதாவது வந்துதா?"

"இல்ல. கேட்டாங்கன்னு மட்டும்தான் கோடு. இன்னா பேசுனாங்கன்னு கோட்டுல இருக்காது."

கோட்டில் இருக்காதாம்! ஊசி போடு, போடு என்று வீட்டுக்கு வீடு தொண்டை வறண்டவளையும், போடாதே என்று சொல்கிறவனையும் ஒரே கோடாகத்தான் போடுவார்களாம். ஊசி போடாத வீடுகளின் கோடுகள் எல்லாம் ஒருத்தியிடம் போய்ச் சேர்கின்றன, ஆகவே அவள்தான் தடுத்தாள். வருகிற நோயாளி எல்லாரும் ஒரே டாக்டரிடம் போயிருக்கிறார்கள், ஆகவே நோயைக் கொடுத்தது டாக்டர்தான் என்று யாராவது சொன்னால் பொறுத்துக்கொள்வீர்களா? வசந்தாவைச் சொன்னால் மட்டும் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். டாக்டருக்குச் சங்கம் இருக்கிறது.

7

நிறுவனம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் போட்டு முடிவுகளைக் காட்டியது. ஊருக்கே தெரிவிப்பது அவர்களது கொள்கையாம். படத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டார்கள். பெயர் இல்லை, எண்தான். அறிக்கையில் எவருடைய அடையாளமும் வெளிப்படாது என்று தமிழ்ச்செல்வன் பெருமையாகச் சொன்னார். பிறகு அடுத்த வாக்கியத்திலேயே, "இந்தச் சிவப்புப் புள்ளி, ஊசித் திட்டம் சம்பந்தமாக வீடு வீடாகச் செல்லக்கூடிய ஒரு நபர்" என்றார். ஊரே திரும்பி வசந்தாவைப் பார்த்தது.

அறிக்கையில் ஒரு பரிந்துரையும் இருந்தது. இந்த ஒரு புள்ளியை நீக்கினால் வலையமைப்பு துண்டு துண்டாகிவிடும், வதந்தி பரவ வழி இருக்காது.

வசந்தா எழுந்தாள். "சார், நான் போடச் சொல்லித்தான் சார் சொன்னேன். என் பொண்ணுக்கே போட்டிருக்கேன். என் பேரு சும்மா குடுத்தது சார். அவங்கவங்க வூட்டுக்காரர் பேர சொல்ல முடியாம என் பேர சொன்னாங்க."

தமிழ்ச்செல்வன் கெட்ட மனிதர் இல்லை. கூட்டத்தைப் பார்த்து மரியாதையாகவே கேட்டார். "அம்மா, நீங்களே சொல்லுங்க. யாரையும் நாங்க கட்டாயப்படுத்தலையே? வசந்தா பேரை நீங்கதான் சொன்னீங்களா?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்வரிசையில் கைகட்டிக்கொண்டு நின்றது அவர்களுடைய மாமனார்கள், மச்சாண்டார்கள். பொய் சொல்ல அவர்களுக்குத் தெரியாது. வசந்தா பேரைச் சொன்னது அவர்கள்தான். ஆகவே, "ஆமாங்க" என்றார்கள்.

இந்த இடத்தை எழுதும்போது பேனாவை வைத்துவிட்டு எழுந்து கடைக்கு வெளியே போய் நின்றேன். ஒரு பொய்யும் இல்லாமல் ஒருத்தியின் வேலை போனது. மணிபாரதி விதிப்படி நடந்தார். சிந்து கணக்கைச் சரியாகப் போட்டாள். தமிழ்ச்செல்வன் மரியாதையாகக் கேட்டார். பெண்கள் உண்மையைச் சொன்னார்கள். வசந்தாவின் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

8

புள்ளியை நீக்கினார்களே, வதந்தி நின்றதா?

அடுத்த முகாமுக்கு ஒரு பிள்ளைகூட வரவில்லை. போன முகாமுக்கு வந்த பிள்ளைகளுக்கு இரண்டாவது ஊசி போட வேண்டும், அவர்களும் வரவில்லை. அவர்களை அழைத்துக்கொண்டு வந்ததே வசந்தாதான். நர்ஸ் அம்மா ஐஸ் பெட்டியைத் திறக்காமலேயே மூடிக்கொண்டு போனார்.

இதற்குத் தமிழ்ச்செல்வன் எழுதிய விளக்கத்தையும் சிந்து எனக்குச் சொன்னாள். வதந்தியின் தாக்கம் இன்னும் நீடிக்கிறதாம்.

9

முடிவுக்கு வர வேண்டும். என்னிடம் சில முடிவுகள் இருக்கின்றன.

நான் பிடித்த பிடியில் சிந்து தமிழ்ச்செல்வனிடம் பேசினாள். அவரும் இறங்கி வந்தார். "ஆய்வில் தவறு இருக்கலாம், ஒத்துக்கறேன். இன்னொரு கூட்டம் போடுவோம். வசந்தாவைக் கேட்கவில்லை, வேறொருவரைக் கேட்டுத்தான் முடிவு எடுத்தோம் என்று யாராவது பெயரோடு சொன்னால் வசந்தாவைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்" என்றார். பெயரோடு. அது ஒன்றுதான் அவருடைய நிபந்தனை.

முதல் முடிவு: கூட்டத்தில் புவனேஸ்வரி எழுகிறாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். மாமனார் பார்த்துக்கொண்டிருக்க, "குமரவேல்! குமரவேலைத்தான் கேட்டேன்! குமரவேல்தான் வேணாம்னாரு!" என்கிறாள். அடுத்து இன்னொருத்தி எழுகிறாள். பிறகு இன்னொருத்தி. பள்ளிக்கூடமே ஆண் பெயர்களால் அதிர்கிறது.

எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. என்ன ஒரு முடிவு! கைதட்டல் நிச்சயம். வண்டியை எடுத்துக்கொண்டு நேராகப் புவனேஸ்வரி வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும் அவள் முகம் இறுகிவிட்டது.

"இன்னாண்ணே இது? அன்னிக்கு என் வாயால சொன்னாத்தான் அடுத்த பக்கம் போவும்னாங்க. இப்ப என் வாயால சொன்னாத்தான் அவளுக்கு வேலன்றாங்க. உன் கதையிலயும் என் வாயாலதான் வரணுமா?"

"வசந்தாவுக்காகத்தாம்மா..."

"வசந்தாவுக்காக நான் எத வேணா செய்வேன். ஆனா சொல்லிட்டு எந்த வூட்டுக்குத் திரும்பிப் போவேன்? நீ கதைய முடிச்சிட்டு வில்லியனூர் போயிடுவ. அவரு பேரு ஆதார்ல இருக்குது, வோட்டர் லிஸ்ட்ல இருக்குது, கரும்பு ஆலையில இருக்குது. ஊருக்கே தெரியும். வேணாம்னு சொன்னது அவரு. அவருக்கு வாய் இல்லியா? அவர வந்து சொல்லச் சொல்லு."

முதல் முடிவை அடித்துவிட்டேன். அடித்த கோட்டுக்குக் கீழே வாக்கியங்கள் தெரிகின்றன, படிக்க வேண்டாம்.

10

குமரவேலைக் கரும்புத் தோட்டத்தில் பார்த்தேன். கரும்பின் காய்ந்த இலைச் சோகையை உரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தண்ணீர் கொடுத்தார். நல்ல மனிதர்தான். (இந்தக் கதையில் எல்லாரும் நல்ல மனிதர்கள். அதுதான் எனக்கு ஆத்திரம்.)

"பொண்ணுக்கு ஊசி வேணாம்னு நீதான் சொன்னியாமே குமரவேலு?"

"ஆமாண்ணே."

"யாராவது வேணாம்னு சொன்னாங்களா உங்கிட்ட? வாட்ஸப்ல எதாவது பாத்தியா?"

"அதெல்லாம் இல்லியே."

"பின்ன யார கேட்டு முடிவு பண்ண?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. சோகையைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நான் எதுக்குண்ணே ஒருத்தர கேக்கணும்? என் பொண்ணு. வேணாம்னு தோணுச்சி, வேணாம்னேன்."

"ஏன் தோணுச்சி?"

"சும்மாத்தான்."

வதந்தி இல்லை. பரப்பியவர் இல்லை. மூளை இல்லை. 'சும்மாத்தான்' என்ற ஒரு சொல்லுக்காக ஒரு நிறுவனம், ஒரு கல்லூரி, ஒரு டேப், ஆயிரம் சீட்டுக்கட்டு! ஒரு பிள்ளையின் உடம்பைப் பற்றிய முடிவு! எனக்கு அங்கேயே கரும்பைப் பிடுங்கி அடிக்கலாம் போல இருந்தது.

"வசந்தாவுக்கு வேல போயிடுச்சிப்பா. கூட்டத்துக்கு வந்து இதச் சொல்லிடேன்" என்றேன்.

"பாவம் அந்தப் பொண்ணு. நல்ல பொண்ணு" என்றார் குமரவேல், மனதாரத்தான் சொன்னார். "கூட்டத்துக்கு எனக்கு எங்கண்ணே நேரம்? வூட்டுல இருக்கிறவள அனுப்புறேன்."

11

சிந்துவைக் கூப்பிட்டேன். "உன் படத்துல குமரவேல் எங்கடி இருக்கான்?"

எந்த எண் யாருடையது, எந்த வீட்டில் ஊசி போடவில்லை என்ற பட்டியலை இதற்குள் நிறுவனத்திடம் கேட்டு வாங்கியிருந்தாள், அதை வைத்துக்கொண்டு பழைய கோப்பைத் திறந்து தேடினாள். போனில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. "அவரையும் கேட்டிருக்காங்க சித்தப்பா. 'யாரையும் கேட்கவில்லை'ன்னு பதில். அவர் யார் பேரையும் சொல்லல, அவர் பேரையும் யாரும் சொல்லல. கோடே இல்ல."

"கோடு இல்லாட்டி புள்ளியாவது இருக்கணுமே?"

"கோடு இல்லாத புள்ளிய எடுத்துடுவோம். வலையில அது எதையும் இணைக்காது. படத்துல சும்மா சுத்தி நின்னு இடத்த அடைச்சிக்கும். வழக்கமா எல்லாரும் செய்யறதுதான்."

"குமரவேல் மாதிரி எத்தன பேர எடுத்த?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். அழுகிற பிள்ளை என்று சொன்னேனே.

மறுநாள் புதுப்படம் அனுப்பினாள். நீக்கிய புள்ளிகளைத் திரும்பச் சேர்த்திருந்தாள். நடுவில் பெண்கள், பின்னிப் பிணைந்த கோடுகளோடு, எல்லாம் வசந்தாவை நோக்கி. அவர்களைச் சுற்றி, ஒன்றையொன்று தொடாமல், எதோடும் சேராமல், ஆண்கள். யாரையும் கேட்காதவர்கள். ஊசி போடாத வீடுகள் எல்லாம் அவர்களுடைய வீடுகள்.

தமிழ்ச்செல்வனுக்கும் அனுப்பினாள். "இதில் என்னம்மா தெரிகிறது? ஒன்றோடு ஒன்று சேரவே இல்லையே. யாராவது பெயரோடு வந்து சொல்லட்டும், பார்க்கலாம்" என்று பதில் வந்தது.

12

இதுவரை எழுதியதை வசந்தாவிடம் கொடுத்தேன். கடையில் நின்றபடியே படித்தாள். வேலை போனதிலிருந்து மடுகரையில் ஒரு துணிக்கடைக்குப் போகிறாள், அங்கிருந்து நேராக வந்திருந்தாள்.

"என் பேர எடுண்ணே" என்றாள்.

"வசந்தா உன் பேரே இல்லையேம்மா. மாத்தித்தான் போட்டிருக்கேன்."

"மாத்துனா? ஊசிக்கு வூடு வூடா போனவ நான் ஒருத்திதான? அவங்களும் நம்பர்தான் போட்டாங்க." தாள்களைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தாள். "அவங்க படத்துலயும் எல்லாக் கோடும் எம்மேலதான். உன் கதையிலயும் எல்லாரும் என்னச் சுத்தித்தான் வராங்க. என் தப்பு இன்னா, என் வேல இன்னா, நான் அழுதனா, அழுவலயா. இது எனக்கு நடந்த கதைதான், ஆனா என்னால நடந்த கதை இல்லண்ணே. வேணாம்னு சொன்னவங்க கதைய எழுது."

"எப்படிம்மா எழுதுறது? 'சும்மாத்தான்' அப்படின்றான். அதுக்கு மேல அவங்கிட்ட ஒண்ணும் இல்ல."

"அப்ப அதுவரைக்கும் எழுதிட்டு வுட்டுடு. எனக்கு வேல திரும்பக் கெடச்சிதுன்னு மட்டும் எழுதாத. கெடைக்கல."

இரண்டாம் முடிவு என்று ஒன்று வைத்திருந்தேன். குமரவேல் மனம் மாறிக் கூட்டத்துக்கு வருகிறார். எல்லார் முன்னாலும் எழுந்து — இல்லை. எழுத மாட்டேன். அவர் எழப்போவதில்லை. எழாத மனிதனைக் கதையில் எழுப்பிவிட்டு உங்களை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனமில்லை.

கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை, அதே பள்ளிக்கூடத்தில். நான் போவேன். சிந்து இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு வருகிறாள். புவனேஸ்வரியை அனுப்புவார்கள், அவள் வந்து உட்காருவாள், எவரும் கேட்காத வரை பேச மாட்டாள். வசந்தா வர மாட்டேன் என்றுவிட்டாள். ஒரு பெயர் வந்தால் அவளுக்கு வேலை, பிள்ளைகளுக்கு ஊசி. வராவிட்டால் இரண்டும் இல்லை.

இதைப் படிக்கும் ஆண் வாசகரே, உங்களைத்தான். அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உங்கள் வீட்டிலும் ஒரு மகள் இருப்பாள், நீங்களும் எதையாவது சும்மாத்தான் வேண்டாம் என்றிருப்பீர்கள், அதற்கு யாரோ ஒருத்தி பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். முடிவை உங்களிடம் விடுகிறேன். கீழே ஒரு வரி இருக்கிறது. பெண்கள் யாரும் இதை நிரப்ப வேண்டாம், அவர்களை விட்டுவிடுங்கள். உங்கள் பெயரை உங்கள் வாயால் சொல்ல உங்களுக்கு எந்த வழக்கமும் தடை போடவில்லை.

"நான்தான் வேண்டாம் என்றேன். என் பெயர் ______________."